அலறும் இன்ஜின்

காரை ஸ்டார்ட் செய்ததும், ஆக்சிலேட்டரை மிதிக்காமலேயே இன்ஜின் அலறியது. சஜு பானெட்டுக்குள் தலையை விட்டான்.

“பிளக்கு மாத்தியாச்சு, த்ராட்டில் கழுவியாச்சு. இனி சென்சாராத்தான் இருக்கும்.”

“நீங்க கழுவின பிறகாக்கும் இந்த அலறல். பேசாம ஒர்க்ஷாப்பில விடுங்க,” என்றாள் மனைவி சிஜி.

“ஒர்க்ஷாப்புக்காரனுவ கள்ளன்மாராக்கும். வீடியோ பாத்து நானே சரியாக்குவேன். அமரவிளை போய் சென்சார் வாங்கிட்டு வாறேன்.”

அவன் பஸ் ஏறப் போனதும், வெள்ளறடையிலிருந்து வந்திருந்த சிஜியின் தம்பி அபின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

“அக்கா, காற்றுக் குழாய் ஒண்ணு கழன்று கிடக்கு. அதை மாட்டினா சரியாவும்.”

“கையை எடுலே. நானாக்கும் கழற்றி விட்டது.”

“ஏன் அக்கா?” என்று அபின் கையை எடுத்துக்கொண்டான்.

“கார் நல்லா ஓடினா உனக்க அத்தான் ஸ்குரூ டிரைவரோட வீட்டுக்குள்ள வருவாரு. மிக்சியை ரிப்பேர் செய்தாரு, இப்ப தொட்டா ஷாக் அடிக்குது. மோட்டாரை ரிப்பேர் செய்தாரு, கிணத்தில தண்ணி கோரி எனக்க நடு முதுகு ஒடிஞ்சு போச்சு. நாளைக்குப் புது வாஷிங் மெஷின் வருது.”

“பின்ன எதுக்கு ஒர்க்ஷாப்பில விடச் சொன்ன?”

“நான் சொன்னாத்தான் விட மாட்டாரு.”

“அத்தான் இந்தக் குழாயைக் கண்டுபிடிச்சா?”

“மாட்டாரு. அந்த வீடியோவை நானும் பாத்தேன். முதல்ல பாக்கச் சொல்லுறதே இந்தக் குழாயத்தான். உனக்க அத்தான் எந்த வீடியோவையும் பாதியில இருந்தாக்கும் பாப்பாரு.”