ஒன்பதாவது பாடம்

"ஒன்பதாவது பாடத்தை இழுத்து முதல்ல போட்டுடும்மா. அவன் அதைப் படிச்சு முடிச்சதா ஒரு டிக்கும் போட்டுடு. பத்து மணிக்கு விசாரணைக்கு வர்றாங்க."

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். பயிற்சிப் பிரிவில் அவள் ஒருத்திதான். தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான பாடங்கள் கணினித் திரையில் வரிசையாக இருந்தன. தினம் ஒரு பாடம். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். தொட்டிக்குள் இறங்குமுன் விஷவாயு இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்பதாவது பாடம்.

நேற்று தொட்டிக்குள் இறங்கிச் செத்தவன் வேலைக்கு வந்து ஆறே நாள்தான் ஆகியிருந்தது.

"மாத்த மாட்டேன் சார்."

"ஏன்? உண்மை பேசினா உனக்குச் சிலை வைக்கப் போறாங்களா?"

"அவன் பொண்டாட்டி கேட் வாசல்ல உட்கார்ந்திருக்கா. படிச்சும் திமிரா இறங்கினான்னு செத்தவன் தலையில பழி போடச் சொல்றீங்களா?"

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"கம்பெனிக்காகன்னா நெனச்ச? பாடத்தை இப்படி வரிசை போட்டது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க. நீதானம்மா போட்ட. ரெண்டு பிள்ளைங்களை வச்சிருக்க."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சின்னச் சின்னப் பாடமா முன்னால வச்சா மிரளாம படிப்பாங்கன்னு நெனச்சேன் சார். இது ஒண்ணுதான் நாற்பது நிமிஷம். அதான் கடைசிக்குத் தள்ளினேன்."

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துபோய் அறைக்கதவைத் திறந்து வைத்தாள்.