கட்டணமில்லாக் காட்சி

"மறுபடியுமா சார்? எத்தனை மணிக்கு வர்றாங்களாம்?"

"பத்து மணிக்கு. நாப்பது பேரு" என்றார் மேனேஜர் மகுடேஸ்வரன், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே.

"பத்து மணிக்குப் பொங்கலூர் ஸ்கூல் வருதுங்களே!" வழிகாட்டி ஜனனிக்குக் குரல் எகிறியது. "நூத்தி இருபது பேரு, தலைக்கு அம்பது ரூவா. ரெண்டு வாரம் முன்னாடியே பணங் கட்டினவங்க!"

"அவங்களை நாளைக்கு வரச் சொல்லிரு அம்மிணி."

"நானா? அந்த ஹெச்.எம். கிட்ட வாங்கிக் கட்டிக்க என்னால ஆகாதுங்க. நீங்களே சொல்லுங்க."

அவரே சொன்னார். ஹெச்.எம். போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, தப்புத்தானுங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஏழெட்டுத் தடவை சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

அறக்கட்டளை நடத்தும் சின்ன அறிவியல் மையம் அது. லாபமெல்லாம் கனவிலும் கிடையாது. டிக்கெட் காசு கரண்ட் பில்லுக்கே காணாது. பனியன் கம்பெனி முதலாளி ஆத்தப்பன் வருசா வருசம் கொடுக்கும் ஆறு லட்சத்தில்தான் வண்டி ஓடுகிறது. இந்த வருசம் அது இன்னும் வந்தபாடில்லை. வராவிட்டால் மார்ச்சோடு இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். ஜனனிக்கே ரெண்டு மாசச் சம்பளம் நிற்கிறது.

தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசக் காட்சி என்று ஆரம்பித்து வைத்தவரும் அந்த ஆத்தப்பன்தான். நல்ல காரியம், யார் இல்லை என்றது? ஆனால் முந்தின நாள்கூடச் சொல்ல மாட்டார். காலை எட்டு மணிக்குத் திடீரென்று போன் வரும். அதுவும் வேலை நாளாகப் பார்த்துத்தான் வரும்.

"ஞாயித்துக்கிழமை அனுப்பினா என்னங்க? அன்னிக்குத்தான் ஊரே லீவு!" என்றாள் ஜனனி.

"அவரு காசு, அவரு இஷ்டம்."

"போட்டோவும் எடுக்கக் கூடாதுங்கறாரு. வருசாந்திர அறிக்கையில நான் எதைங்க போடறது, என் மூஞ்சியையா?"

மகுடேஸ்வரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாலு பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்துட்டு நாப்பது போட்டோ எடுக்கற ஊருல, பேரே வேண்டாங்கற மனுசன் அவரு. அவரைப் போயிக் குத்தஞ் சொல்றியே! போயி புரொஜக்டரைப் போடு."

பத்து மணிக்கு ரெண்டு வேன் வந்தது. பன்னிரண்டு, பதிமூணு வயசுப் பிள்ளைகள். கூட ஒரு டீச்சர் கிடையாது. டிரைவர்கள் இறக்கிவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

"இன்னிக்கு ஸ்கூல் இல்லையா கண்ணு உங்களுக்கெல்லாம்?"

ஜனனி கேட்டதும், பிள்ளைகள் டிரைவர்கள் போன பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொழைக்க வந்த குடும்பம், இன்னும் சேர்த்திருக்க மாட்டாங்க. நேரமாகுது, ஆரம்பி" என்று மகுடேஸ்வரன் விரட்டினார்.

கோளரங்கத்தில் விளக்கை அணைத்து, நட்சத்திரங்களைக் கூரையில் ஓடவிட்டாள் ஜனனி. செவ்வாயைத் தாண்டுவதற்குள் குறட்டைச் சத்தம் கேட்டது. ஒருவன் இல்லை, இருவர் இல்லை. வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தார்கள்.

எட்டிப் பார்த்த மகுடேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கெரகமே! காசு குடுக்கற நூத்தி இருபது பேரைத் துரத்திப்போட்டு, இதுங்க தூங்கறதுக்கு ஏ.சி. போட்டுக் குடுத்திருக்கறேன் பாரு! ஓசியில காட்டினா எதுக்கும் மதிப்பே இல்லை."

ரெண்டு பேரைத் தட்டி எழுப்பினார். அவர்கள் எழுந்து, பயந்து போய் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்படியே மறுபடி சாய்ந்தார்கள்.

ஒரு பெண் மட்டும் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் அனுசுயாவாம்.

"அக்கா, சனிக்கு நெசமாவே வளையம் இருக்காக்கா? இரும்புலயா?"

காலையிலிருந்து கடுகடுவென்றிருந்த ஜனனி சிரித்துவிட்டாள். "இல்ல கண்ணு. பனிக்கட்டி, கல்லு, தூசி."

"அம்புட்டும் கீழ விழுகாதாக்கா?"

அந்த ஒரு கேள்விக்கு ஜனனி அரை மணி நேரம் பதில் சொன்னாள்.

மூன்று மணிக்கு ஆத்தப்பனிடமிருந்து போன். "செக் குடுத்தனுப்பறேனுங்க. இன்னும் ஒரு மணி நேரம் மட்டும் பிள்ளைங்களை அங்கயே வெச்சிருங்க."

"இன்னும் ஒரு மணி நேரமா!" என்று பல்லைக் கடித்த மகுடேஸ்வரன், போனில், "அதுக்கென்னங்க, தாராளமா இருக்கட்டுமுங்க" என்றார்.

நாலு மணிக்குச் செக் வந்தது. ஆறு லட்சம். பூஜ்ஜியங்களை ரெண்டு தடவை எண்ணினார்.

"பொழச்சோம் அம்மிணி! இந்த வருசத்துக்குக் கவலை இல்லை. உன் சம்பளத்தை நாளைக்கே வாங்கிக்கோ."

டிரைவர்கள் அவசரப்படுத்த, பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வேனில் ஏறினார்கள். ஏறப்போன அனுசுயா திரும்பி ஓடிவந்தாள்.

"சார், இங்கிட்டுத் திரும்ப எப்ப சார் கூட்டியாருவாக?"

செக் கையில் இருந்த சந்தோசத்தில் மகுடேஸ்வரன் அவள் தலையைத் தடவினார். "அது ஆத்தப்பன் சாரு மனசு வெச்சாத்தான் கண்ணு."

"அவரு கையில இல்ல சார். கம்பெனில சின்னப் புள்ளைக வேல பாக்குதான்னு சோதிக்க வெள்ளைக்காரக வர்ற அன்னைக்கு மட்டுந்தான், நைட் ஷிப்டு முடிஞ்ச கையோட எங்கள இங்க கொண்டாந்து விடுவாக. நீங்க சொல்லி, அவகள மாசாமாசம் வரச் சொல்லுங்க சார்!"