நூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடு

"ரெண்டு தடவ பாத்தாச்சு! பாட்டுல கூட ஓட்டி விடாம பாத்தாச்சு! உன் ஆளு அதுல ஒரு மூலையிலயும் இல்ல" என்று ரிமோட்டைச் சோபாவில் விட்டெறிந்தார் இராஜமாணிக்கம்.

டி.வி.யில் 'வெள்ளிக்கிழமை விருந்தாளி' படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மகள் அன்பரசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில் அவள் கப்புக்குப் பூ வரைகிறவள். அதே கம்பெனியில் சூளை பார்க்கும் பிரவீன்குமாரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று, வீட்டை முக்கால்வாசி சம்மதிக்க வைத்திருந்தாள். 'வெள்ளிக்கிழமை விருந்தாளியில அவரு நடிச்சிருக்காரு' என்று நேற்று பெருமையாகச் சொல்லித் தொலைத்ததுதான் வினையாகப் போயிற்று.

"பொய் சொல்றவனுக்குப் பொண்ணு கிடையாது. அவ்ளோதான்!"

"சும்மா குதிக்காதீங்க. வரச் சொல்லியிருக்கேன், அந்தப் புள்ளையவே கேட்டுடுவோம்" என்றாள் அம்மா கனகா.

ஷிப்ட் முடிந்து, சட்டையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து சேர்ந்தான் பிரவீன்குமார். கம்பெனியில் கழித்துவிட்ட கோணல் கப் ஒன்றில் டீ கொடுத்துவிட்டு, கனகா விஷயத்தைக் கேட்டாள்.

"படம் இல்லைங்க அத்தை. அதே பேருல ஒரு சீரியல்ல எபிசோடு வந்துச்சு. அதுலதான் நான்..." என்றவன், இராஜமாணிக்கத்தின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"பாத்தியா, எப்படி முழிக்கிறான்! ஒரு பேரு ஒரு படத்துக்குத்தான்டி இருக்கும்."

"ஏன், நம்ம தெருவுலயே மூணு கனகா இருக்குறோம். மூணு பேரும் உங்க பொண்டாட்டியா?"

அன்பரசி அவசரமாகப் போனில் தேடினாள். "இருக்குதும்மா! நூத்திப் பன்னெண்டாவது எபிசோடு. அதே பேரு!"

"மூடி வையி. நெட்டு தீந்துடும்."

"படத்த ரெண்டு தடவ பாக்க மட்டும் நெட்டு இருந்துச்சா?" என்றாள் கனகா.

"வேணாம் அன்பு" என்றான் பிரவீன்குமார் தலையைக் குனிந்தபடி. "நான் நடிக்கலன்னே வச்சுக்கோங்க."

அன்பரசி அவனை முறைத்தாள். அப்படியானால் பொய்தானா? இந்த ஆளுக்காகவா மூன்று மாதம் அப்பாவோடு பேசாமல் இருந்தோம்? தெரிந்தே ஆக வேண்டும் என்று எபிசோடை டி.வி.யில் போட்டாள். இராஜமாணிக்கம் இரண்டு கைகளையும் விரித்து டி.வி.யை மறைத்து நின்றார். கனகா அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள்.

மேளச் சத்தத்தோடு ஒரு சவ ஊர்வலம் வந்தது. நான்கு பேர் பாடையைத் தூக்கி வந்தார்கள். முன்னால், ஒட்டு மீசையும் உப்பிய கன்னமுமாகப் பிரவீன்குமார்!

"அவருதாம்மா! அவரு பொய் சொல்லல!" அன்பரசி துள்ளினாள்.

"அட, இதுக்கா இவ்ளோ வெக்கம்?" கனகா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "பாடை தூக்குறதுல ஒண்ணும் தப்பில்லப்பா. பொணமா படுத்திருந்தாத்தான் கட்டுனவளுக்கு ஆவாது. அடுத்த முகூர்த்தத்துலயே வச்சுக்கலாம்."

கேமரா மெல்ல உயர்ந்து பாடைக்கு மேலே போனது. நெற்றியில் ஒற்றை ரூபாய், மூக்கில் பஞ்சு, கழுத்தில் சாமந்தி மாலையோடு இராஜமாணிக்கம் படுத்திருந்தார்.

"சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல மாமா" என்றான் பிரவீன்குமார்.