கன்னம் நிறைக்கும் லென்ஸ்

"அப்பா, கொஞ்சம் நிமிருங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு மாட்டிட்டா முடிஞ்சுது."

தொளதொளவென்று தொங்கிய சட்டையை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து, மகன் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டினார். முன்பக்கம் அளவெடுத்துத் தைத்தது போல் சட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு அப்பாவுக்குத் தலைவாரி, கன்னத்தில் பவுடர் ஒற்றி, எட்ட நின்று அழகு பார்த்தார். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

போட்டோ எடுக்க வந்த பெண் பையைத் திறந்தபடி கேட்டாள். "ஹால்ல எடுக்கலாமா சார்? அங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

"சோபா புதுசும்மா. அழுக்காயிடும். இங்கயே எடு."

'இங்கே' என்றது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. அட்டைப் பெட்டிகள், ஓடாத மின்விசிறி, ஈரத் துடைப்பம், இவற்றுக்கு நடுவே ஒரு மடக்குக் கட்டில். அப்பாவின் அரண்மனை அதுதான்.

அவள் குட்டையான லென்ஸ் ஒன்றை மாட்டினாள். ஃபிளாஷை ஸ்டாண்டில் பொருத்திப் பக்கவாட்டில் வைத்தாள். முன்னால் நின்று ஒன்று, ஓரமாக நின்று ஒன்று, பின்னால் போய் ஒன்று எடுத்தாள்.

"முதுகுல என்னம்மா இருக்கு?" என்றார் மகன்.

"சும்மா, டெஸ்ட் ஷாட் சார். வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாத்தேன்."

முதல் படத்தைக் கேமராவின் திரையில் பார்த்ததும் மகனாரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கேமராவைத் தொட்டதைவிட அதைப் பற்றிய வீடியோக்கள் பார்த்ததுதான் அதிகம் என்றாலும், சும்மா சொல்லக் கூடாது, மனிதர் விஷயம் தெரிந்தவர்.

"இருபத்திநாலு எம்.எம். லென்ஸைப் போட்டா யாராவது முகத்தை எடுப்பாங்க? மூக்கு வெளிய வருது, கன்னம் உள்ள போகுது. ரூம்ல இருக்கற குப்பை அத்தனையும் தெரியுது. ஃபிளாஷை வேற ஓரத்துல வச்சு அடிச்சிருக்க, கண்ணு ரெண்டும் குழி. இது போட்டோவா, எக்ஸ்ரேவா? உன்னை எங்கதான் புடிச்சாளோ என் தங்கச்சி! அவ ரசனை எப்பவுமே இப்படித்தான்."

"நீங்களே சொல்லுங்க சார், எது மாட்டலாம்?"

கேட்க வேண்டுமா? சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எண்பத்தஞ்சை மாட்டு. எட்டப் போய் நின்னு எடு. அப்பத்தான் மூக்கு அடங்கி, கன்னம் நெறைஞ்ச மாதிரி தெரியும். அப்பர்ச்சரை முழுசாத் தெற, பின்னாடி இருக்கறதெல்லாம் மங்கிப் போகணும். ஃபிளாஷுக்குக் குடை போட்டு நேரா முன்னாடி வை. மடியில வெள்ளை அட்டை. ஒரு குழி, ஒரு நிழல் தெரியக் கூடாது."

"ஐயா ரொம்ப இளைச்சிருக்காரு சார்."

"அதுக்குத்தானேம்மா லென்ஸு!"

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் தங்கை வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அதாவது மகன் சொன்ன கணக்கில். 'அப்பா நல்லா இருக்கார்னா, நான் அனுப்பற பொண்ணை வச்சு ஒரு படம் எடுத்து அனுப்பு. இல்லன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று அவள் கறாராகச் சொல்லி, டிக்கெட்டும் எடுத்து வைத்துவிட்டாள். அப்பா போனால் கையெழுத்தும் கூடவே போய்விடும். வீடு இன்னும் அப்பா பேரில்தான் இருந்தது.

லென்ஸ் மாறியது, குடை விரிந்தது. அறையில் எட்டப் போக இடம் ஏது? அவள் வெளியே போய் வாஷிங் மெஷினில் சாய்ந்து நின்று எடுத்தாள்.

"சிரிங்கப்பா! உங்க பொண்ணு பாக்கப் போறா" என்றார் மகன்.

அப்பா சிரித்தார். ஃபிளாஷ் மின்னியது.

அந்தப் படத்தை அவள் அப்பாவிடம்தான் முதலில் காட்டினாள். நிறைந்த கன்னமும் பளிச்சென்ற கண்ணுமாக யாரோ ஒரு செல்வந்தர் அதில் உட்கார்ந்திருந்தார். பெட்டிகளும் துடைப்பமும் பால்நிறப் பனியாகக் கரைந்திருந்தன. அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நல்லா இருந்தா அவ வர மாட்டாளேம்மா" என்றார். பாவம், அந்த வீட்டில் அவர் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வருகைக்காகத்தான்.

மகன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. படம் தன் போனுக்கு வந்ததும் தங்கைக்கு அனுப்பிவிட்டு, சொந்தக் கையால் எடுத்தது போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்தப் பெண் இன்னும் தன் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலின் அருகே வந்து, அப்பாவின் முதுகிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சட்டை மறுபடியும் தொளதொளத்தது.

மகனின் போன் அடித்தது.

"பாத்தியாம்மா, லென்ஸ்னா இது!" என்று சொல்லிக்கொண்டே, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். "என்ன தங்கச்சி, அப்பா ராஜா மாதிரி இருக்கார்ல? இனிமேலாவது டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுவியா?"

ஸ்பீக்கரில் தங்கையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீ எடுக்கச் சொன்ன படம் அழகா இருக்குண்ணா. நான் எடுக்கச் சொன்னதுல கிளிப்பெல்லாம் தெளிவாத் தெரியுது."