எனாமல் டம்ளர்

"அது அம்மாவோட டம்ளர் கண்ணு, தொடாதே! உன்னோடது கூடைக்குள்ள இருக்குது பாரு."

அப்பா சென்னகேசவன் போட்ட சத்தத்தில் எட்டு வயது வரலட்சுமி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவினாசி தாண்டி ஒரு புளியமரத்தடியில் பழைய ஆஸ்டின் கார் நின்றிருந்தது. பின் சீட்டில் அவள் அம்மா ராமாமணி சாய்ந்திருந்தாள். நீலக் கரை போட்ட அந்த எனாமல் டம்ளர் அவள் பக்கத்தில் இருந்தது.

"அதைத் தொட்டா என்னாகும்னு நைனா சொல்லியிருக்கேன்ல?"

"சொன்னீங்க நைனா. நல்லா ஞாபகம் இருக்குதுங்க."

வரலட்சுமி தன் பித்தளை டம்ளரை எடுத்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் தண்ணீர் குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. சென்னகேசவன் மனத்துக்குள் மெச்சிக்கொண்டான். அதுவும் அவன் போட்ட சட்டம்தான்.

1957 மே மாதம். முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். பவானி கூடுதுறை, மேட்டூர் அணை, மூன்று நாள் டூர் என்று மகளிடம் சொல்லித்தான் பீளமேட்டிலிருந்து காரை எடுத்திருந்தான். உண்மையில் டூரும் இல்லை, அணையும் இல்லை. வழியில் பெருந்துறை காசநோய் ஆஸ்பத்திரியில் ராமாமணியைச் சேர்க்கப் போகிறார்கள். குறைந்தது ஒரு வருஷம் அங்கேயே இருந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ராமாமணிக்கு நோய் என்று தெரிந்த அன்றே அவன் வீட்டை இரண்டாக்கிவிட்டான். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்கட்டில் தனி அறை. மகள் அந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது. பட்டறையில் நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறவன் அவன். ஆறு மாதமாக ஒரு நாள்கூட சட்டம் பிசகவில்லை என்ற தைரியத்தில்தான் ராத்திரி கண்ணை மூடினான்.

வரலட்சுமி புளியம்பழம் பொறுக்க ஓடினாள்.

"ஏனுங்க, புள்ளைகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?" என்றாள் ராமாமணி.

"ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்துல போனதும் சொல்லிக்கலாம். இப்பவே சொன்னா வழியெல்லாம் அழுதுபோடுவா."

"நான் போனப்புறம் என்னையத் தேடுவாளுங்க."

"தேடட்டும். உசுரோட இருந்து தேடட்டும். நீ நல்லாகி வா அம்மணி. அதுவரைக்கும் அவளுக்கு ஒண்ணும் வராம நான் பார்த்துக்கறேன்."

"ஆறு மாசமா அவ தலைகூட வாரி உடலீங்க நானு. இன்னைக்கு ஒரே ஒரு வாட்டி..."

"வேண்டாம்."

சொன்ன பிறகு தன் மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். ராமாமணி தலை குனிந்துகொண்டாள்.

மடி நிறையப் புளியம்பழத்தோடு, இருமிக்கொண்டே ஓடி வந்தாள் வரலட்சுமி. ராமாமணி பதறி நிமிர்ந்தாள்.

"ஒண்ணுமில்ல, ரோட்டுப் புழுதி" என்றான் சென்னகேசவன். "கண்ணாடியெல்லாம் இறக்கி உட்டுத்தானே ஓட்டறேன்."

மகளை முன் சீட்டில் ஏற்றினான். அவள் காலடியில் இருந்த துணிப்பை கல்லாய்க் கனத்தது.

"இதுல என்ன கண்ணு வெச்சிருக்கே?"

"எல்லாப் பாவாடையும் எடுத்து வெச்சுப்போட்டேனுங்க நைனா. சிலேட்டு, வாய்ப்பாட்டுப் புஸ்தகம் எல்லாமே."

"மூணு நாளைக்கா?"

"வேணுமுங்க."

அன்றைக்கு முதல் தடவையாக அவன் சிரித்தான். பாவம், டூர் என்றதும் குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை.

பெருந்துறை ஆஸ்பத்திரி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வெள்ளைப் புடவை கட்டிய நர்சம்மா கேட்டருகே காத்திருந்தார். ராமாமணி இறங்கினாள். மகளைத் தூரத்திலிருந்தே ஒரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அழுகை வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சென்னகேசவன் மகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"கண்ணு, நைனா உங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். டூரெல்லாம் ஒண்ணும் இல்ல. அம்மா கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கோணும். நாம ரெண்டு பேரும் வூட்டுக்குப் போலாம்."

வீறிட்டு அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தான். அவள் அழவில்லை. காருக்குள் குனிந்து, தன் துணிப்பையை இரண்டு கையாலும் இழுத்து வெளியே எடுத்தாள். தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"டாக்டர் சொன்னப்பவே எனக்குத் தெரியுமுங்க நைனா. நானும் அம்மாகூடத்தான் இருக்கப் போறேன்."

"சீக்கு இல்லாத புள்ளைங்களை உள்ள உட மாட்டாங்க கண்ணு."

"என்னைய உடுவாங்க" என்றாள் வரலட்சுமி. பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தரம் இருமினாள். முதல் மார்க்கு வாங்கியவள்போல அவள் முகம் மலர்ந்திருந்தது. "அம்மா டம்ளர்ல வாய் வெச்சா என்னையும் அம்மாகூடவே ஆஸ்பத்திரியில சேர்த்துப்போடுவாங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அம்மா மிச்சம் வெச்ச காப்பியை, கழுவறதுக்கு முந்தியே எடுத்து, தினமும் வாய் வெச்சே குடிச்சுப்போட்டேனுங்க நைனா!"