கட்டுரையில் ஒரு பிழை

“நான் எழுதின கட்டுரையில ஒரு பிழை இருக்கு. அதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தனான்.”

நிரோஜா மைக்கில் இப்படித் தொடங்கியதும் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் கமக்காரர் அமைப்பின் தலைவர் நடராசாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பொதுநோக்கு மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்றுதானே ஒலிபெருக்கியைக் கூரையில் கட்டுவித்தார்!

பின்னே என்ன? கிளிநொச்சியில் இருந்து வரும் மாத இதழில் பதினெட்டுப் பக்கத்துக்கு எழுதிக் கிழித்திருந்தாள் இந்தப் பெட்டை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் தலைவரின் ஆட்களுடைய வயலெல்லாம் நிரம்பிய பிறகுதான் வாய்க்காலின் கடைசிக்குச் சொட்டுமாம். மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள் இன்றைக்கும் கூலிக்காரராகத்தான் நடத்தப்படுகிறார்களாம், கமக்காரராக இல்லையாம். அவ்வளவு பக்கத்தையும் ஆர் வாசிக்கிறது? தலைவர் தன் பெயர் வந்த இடங்களை மட்டும் தேடி வாசித்துக் கொதித்துப்போனார்.

“மன்னிப்புக் கேட்காட்டிக் கொம்மாவின்ர பேரை அமைப்பில இருந்து வெட்டுவன். வாற சொட்டும் வராது” என்று சொல்லியனுப்பினார். அவள் தாய் அழகம்மாவுக்குச் சோறு போடுவதே அந்த ஒரு துண்டு வயல்தான். வந்தாளா, இல்லையா?

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் அக்கா விமலேஸ்வரி உள்ளே வந்தார். வாய்க்கால் கடைசியில் இருக்கும் தன் வயலில் இருந்து நேரே வந்தவர்போலக் காலெல்லாம் புழுதி.

“அக்கா, முன்னுக்குக் கதிரை கிடக்கு.”

“எனக்கு இது காணும் தம்பி.” பின்னால், அழகம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். அக்காவின் போக்கே அப்படித்தான் என்று விட்டுவிட்டுத் தலைவர் நிரோஜா பக்கம் திரும்பினார்.

“என்ன பிழை எண்டு விளக்கமாச் சொல்லும் பிள்ளை!”

“சொல்லுறன் ஐயா. தண்ணி கிடைக்காத ஆக்கள் எண்டு ஏழு பேரின்ர பேர்தான் போட்டனான். கட்டுரை வந்த பிறகு எத்தினையோ பேர் வீடு தேடி வந்து, எங்களை ஏன் விட்டனீர் எண்டு ஏசிப்போட்டுப் போகினம். அவையிட்டத்தான் மன்னிப்புக் கேட்கிறன். அடுத்த இதழில திருத்தம் வரும். பேர் விடுபட்ட ஆக்கள் எழும்புங்கோ, எழுதுறன்.”

தலைவருக்கு முகம் கறுத்தது. கதிரையை விட்டுப் பாய்ந்து எழும்பிச் சபையை ஒரு முறை முறைத்தார். சனம் தலையைக் குனிந்துகொண்டது. ஒருவரும் அசையவில்லை.

“பாத்தீரே? ஒரு குஞ்சும் எழும்பேல்லை! எல்லாம் பொய்!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு முடியுமுன் பின்னால் ஒருவர் சேலைப் புழுதியைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

“என்ர பேரை எழுது பிள்ளை. நடராசான்ர அக்கா எண்டும் போடு.”