தோளில் ஏறிய வலி

திண்டுக்கல் பள்ளியொன்றின் சாப்ட்பால் பயிற்சியாளர் பொற்கொடி வேண்டாவெறுப்பாகத்தான் அந்தப் பட்டையைத் தோளில் கட்டிக்கொண்டாள். அதைக் கட்டினால், பந்து வீசும் பிள்ளைக்கு எங்கே வலிக்கிறதோ, பயிற்சியாளருக்கும் அங்கேயே வலிக்கும். அன்று நடந்த அரையிறுதி ஆட்டம் முதல் அது கட்டாயமாகியிருந்தது. பந்து வீசுபவள் அவள் மகள் நிறைமதி.

"தோள் வலிக்குதும்மா" என்று மகள் சொல்லும்போதெல்லாம், "வீச வீசச் சரியாயிடும்" என்பதுதான் அவள் பதில்.

நிறைமதி கையைச் சுழற்றி முதல் பந்தை வீசியதும், பொற்கொடியின் தோளை யாரோ பிடுங்கித் திருகியதுபோல் இருந்தது. அடுத்த பந்தில் கண் இருட்டியது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மைதானத்துக்குள் மகளிடம் நடந்தாள்.

"இத்தன நாளும் இதோடயா வீசுன?"

"நீதானம்மா சரியாயிடும்னு சொன்ன."

பந்தை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். அணி தோற்றது. மழைக்காலம் முடியும்வரை மகளின் கையில் பந்து தரவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை இருவரும் சேர்ந்தே செய்தார்கள்.

தை மாதத்தில் ஒரு காலை நிறைமதி மெல்ல வீசினாள். பட்டையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக் காத்திருந்த பொற்கொடிக்கு எதுவுமே வலிக்கவில்லை.

"இன்னும் வேகமாப் போடவாம்மா?"

"இன்னைக்குப் போதும்டி. நாளைக்குப் போடலாம்."